கம்பத்துக்கு இந்தப் பக்கம்

ஜீவரத்தினத்துக்கு அந்தத் தெலுங்குப் பாட்டின் இரண்டாவது அடி மட்டும் வாயில் நிற்கவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டே முதல் அடியைச் சரியாகப் பாடுவார். இரண்டாவது அடிக்கு வந்ததும் "லா லா" என்று இழுத்துவிட்டு மூன்றாவதற்குத் தாவிவிடுவார். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த தேவசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது.

"நாளைக்குச் சபை நடுவுல இப்படி லா லா போட்டீங்கன்னா உங்க சித்தப்பா ஞானஸ்நானத்தையே நிறுத்திடுவாரு."

"நிறுத்தட்டும். புள்ளைக்குப் பேரு தமிழ்ல, பாட்டு தெலுங்குலன்னா யாருக்கு வாயில நுழையும்?"

"எனக்கு நுழையுதே."

"உனக்கு நுழையும். அப்பாவ நைனா நைனான்னு கூப்ட்டுகினு வளந்தவ நீ."

அவள் இரண்டாவது அடியைச் சொல்லிக் கொடுத்தாள். அவர் திருப்பிச் சொன்னார். ஒரு சொல் விட்டுப் போயிற்று. மறுபடி சொன்னாள். அந்தத் தடவை முழுவதும் சரியாக வந்தது. "பாத்தியா?" என்று அவர் பாதி தலையைத் திருப்பினார். அவர்களுக்கிடையே நடந்த கடைசி சாதாரணப் பேச்சு அதுதான்.

எழுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதக் கடைசி சனிக்கிழமை. திருத்தணி மிஷன் ஆரம்பப் பள்ளியில் தேவசுந்தரி ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஜீவரத்தினம் விசைத்தறி மோட்டார்களுக்குச் சுருள் கட்டித் தருபவர். அம்மையார்குப்பத்தில் பாதித் தறிகள் அவர் கை பட்டு ஓடியவை. நகரியில் ஜீவரத்தினத்தின் சித்தப்பா வீட்டுக் குழந்தைக்கு மறுநாள் ஞானஸ்நானம். பள்ளி மதியத்தோடு முடிந்ததும் இருவரும் நகரி சாலையில் கிளம்பியிருந்தார்கள்.

எட்டாவது கிலோமீட்டரில் சோதனைச் சாவடி. சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கம்பம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு கிணறு, கன்னியம்மாளின் டீக்கடை. கம்பத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் ஆந்திரா என்று எல்லாரும் சொல்வார்கள். திருத்தணியே அறுபதாம் வருஷம் வரை ஆந்திராவில் இருந்த ஊர். எல்லை எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் கம்பத்தைக் காட்டிவிடுவது சுலபமாக இருந்தது.

கம்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு மதகு. அங்கே பின்னால் வந்த கரும்பு லாரி ஒதுங்க இடமில்லாமல் சைக்கிளை ஒட்டி வந்தது. சைக்கிளின் கைப்பிடியில் லாரியின் பக்கவாட்டுப் பலகை பட்டது. தேவசுந்தரி மண்ணில் விழுந்தாள்; முழங்கை மட்டும் சிராய்த்தது. ஜீவரத்தினம் மதகின் சுவரில் தலை மோதி, சாலையோரப் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தார். லாரி நிற்கவில்லை.

ரத்தம் அதிகமில்லை. கண் திறந்திருந்தது. பேச்சும் தெளிவாகவே இருந்தது.

"சுந்தரி, அடி பட்டுச்சா உனக்கு?"

"இல்லீங்க. உங்களுக்கு?"

"வலி ஒண்ணும் இல்ல. கை ரெண்டும் மதமதன்னு இருக்குது. கால் எங்க இருக்குதுன்னே தெரியல பாரு."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் சிரிக்க முயன்றார். மூச்சு விடும்போது அவர் வயிறு மட்டும் ஏறி இறங்கியது, நெஞ்சு அசையவில்லை. அதை அப்போது அவள் பார்த்தாள். கழுத்தெலும்பு முறிந்ததன் அடையாளம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

சாவடிப் பியூன் துளசிங்கம் ஓடி வந்தான். கன்னியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து ஜீவரத்தினத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சாவடியில் போன் இருந்தது. துளசிங்கத்தோடு தேவசுந்தரியும் கொட்டகைக்கு ஓடினாள். ஊரில் அவசரத்துக்கு இருந்தது ஒரே ஒரு வண்டி: மலையடி சேவா சங்கத்தின் ஆம்புலன்ஸ் வேன். அதில் டிரைவர் சிங்காரம், முதலுதவியாளர் மணவாளன் என்று இரண்டு பேர். போனை எடுத்தது மணவாளன்.

அவர் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. துளசிங்கம் பேசியதுதான் கேட்டது.

"அலோ, சாவடிலேர்ந்து துளசிங்கம். லாரி இடிச்சிட்டு பூட்டான். ஆள் மதகுகிட்ட கெடக்கறாரு. நம்ம டீச்சர் வூட்டுக்காரரு... ஆங்... அந்தப் பக்கங்க. கம்பத்த தாண்டி ஒரு அறுபது கஜம் இருக்கும்... ஆங்... ஆங்..."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "தூக்கக் கூடாதாம்."

மறுபடி போனில் காது வைத்தான். "ஆங்... சரிங்க." திரும்பினான். "கம்பத்துக்கு இந்தப் பக்கம் இருந்தா வர்றாங்களாம்."

போனை வைத்துவிட்டான்.

இந்த இரண்டாவது பேச்சு அங்கே யாருக்கும் புதிதில்லை. மூன்று வருஷம் முன்பு அந்த வேன் கம்பத்தைத் தாண்டி ஒரு பிரசவக் கேஸை எடுக்கப் போனது. திரும்பும் வழியில், வேறு மாநில வண்டி, வரி கட்டவில்லை என்று பிடித்து நாலு நாள் நிறுத்திவிட்டார்கள். சங்கம் அபராதம் கட்டி மீட்டது. அதற்குப் பிறகு வேனுக்குள் தொங்கிய விதிப் பலகையில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்தது: வண்டி சோதனைச் சாவடியைத் தாண்டாது.

அந்த வரியோடு ஒரு பழக்கமும் வந்தது. அந்தப் பக்கம் யாருக்காவது அடி பட்டால் ஆளை முதலில் கம்பத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டுவிட்டு, பிறகு போன் செய்வார்கள். கதிர் அரிவாளில் கால் வெட்டிக்கொண்டவன், தேள் கடித்த பெண், வலி எடுத்த கர்ப்பிணி என்று ஏழெட்டுப் பேரை அப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். போன வருஷம் சங்கத்தின் ஆண்டு விழாவில் துளசிங்கத்துக்கும் கன்னியம்மாளுக்கும் இதற்காகவே ஆளுக்கொரு துண்டு போர்த்தினார்கள்.

முதல் பேச்சு தேவசுந்தரிக்கும் தெரிந்ததுதான். சித்திரையில் மணவாளன் பள்ளிக்கு வந்து முதலுதவி செய்து காட்டியிருந்தார். ஒரு மாணவனைப் படுக்கவைத்து, மூன்று பேர் ஒரே பக்கம் முட்டி போட்டு, நாலாவது ஆள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, "ஒண்ணு ரெண்டு மூணு" சொல்லிப் பலகையில் ஏற்றிக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த நாள் அவளே கரும்பலகையில் எழுதிப்போட்டு நாற்பத்தொரு பிள்ளைகளையும் நோட்டில் எழுத வைத்தாள்: "கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை அசைக்காதே." இரண்டு பேர் "அசைக்காதே"யில் ஒற்றெழுத்து விட்டிருந்தார்கள். சிவப்பு மையில் திருத்தினாள்.

கொட்டகையிலிருந்து மதகுக்குத் திரும்பும் அந்தக் கொஞ்ச தூரத்தில் அவளுக்கு வண்டி வர வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. சைக்கிளில் வந்த தறிக்காரர்கள் இரண்டு பேர் அங்கே நின்றிருந்தார்கள்.

"தூக்குங்க," என்றாள்.

துளசிங்கம் தயங்கினான். "டீச்சர், தூக்கக் கூடாதுன்னாரே."

"இந்தப் பக்கம் இருந்தாத்தானே வருவாங்க? தூக்குங்க."

துளசிங்கமும் ஒரு தறிக்காரரும் கைகளுக்கு அடியில் பிடித்தார்கள். இன்னொருவரும் அவளும் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். தலை பின்னால் சரிந்து தொங்கியது. கன்னியம்மாள் "தலைய, தலையப் புடிங்க" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவள் பிடிப்பதற்குள் பாதி தூரம் ஆகியிருந்தது. கம்பத்துக்கு அடியில் குனிந்து, இந்தப் பக்கம் கொண்டுவந்து, டீக்கடை பந்தலின் கீழே படுக்க வைத்தார்கள்.

ஜீவரத்தினத்தின் வாய் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வந்தார். சத்தம் வரவில்லை. வயிறும் அசையவில்லை.

வேன் பதினாறு நிமிஷத்தில் வந்தது. சாவடிக் கடிகாரத்தைப் பார்த்துத் துளசிங்கம் பிறகு போலீசில் சொன்ன கணக்கு அது. மணவாளன் குதித்து இறங்கினார். கேட்ட முதல் கேள்வி, "யாரு தூக்கினது?" பதிலுக்கு நிற்கவில்லை. முட்டி போட்டு, ஜீவரத்தினத்தின் தாடையை முன்னால் தள்ளி, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினார். நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஊதினார். அவர் ஊதிக்கொண்டிருக்கும்போதே சிங்காரமும் மற்றவர்களும் பலகையில் ஏற்றினார்கள்; இந்தத் தடவை மூன்று பேர் ஒரே பக்கம் நின்று, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஏற்றினார்கள்.

எட்டு கிலோமீட்டரும் மணவாளன் நிறுத்தவே இல்லை. தேவசுந்தரி எதிர்ப் பலகையில் உட்கார்ந்து கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதை மூச்சு என்றே நினைத்தாள். ஒரு தடவை, "பரவால்லயா?" என்று கேட்டாள். மணவாளன் நிமிராமல் ஊதினார். ரயில்வே கேட் திறந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் குனிந்து, இமையை விலக்கிப் பார்த்து, மணவாளனின் தோளைத் தொட்டு, "போதும்ப்பா" என்றார்.

அடக்கம் ஞாயிறு மாலை நடந்தது. ஞானஸ்நானத்துக்கு வந்தவர்களே அடக்கத்துக்கும் வந்தார்கள்.

லாரியைப் பிடிப்பதற்கு முன்பு யார் பிடிப்பது என்பதில் சிக்கல் வந்தது. இந்தப் பக்கத்துப் போலீஸ், சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லையில் இல்லை என்றது. அந்தப் பக்கத்துப் போலீஸ், ஆள் செத்தது உங்கள் எல்லையில் என்றது. பத்து நாள் காகிதம் போய் வந்த பிறகு ஒரு சர்வேயர், சங்கிலியும் வரைபடமும் ஓர் ஆளுமாக வந்தார். அளக்கும்போது இறந்தவர் தரப்பில் யாராவது இருக்க வேண்டும் என்று தேவசுந்தரிக்குச் சொல்லியனுப்பினார்கள்.

அவள் போனபோது சர்வேயர் கம்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மதகுக்குப் போனார். அங்கும் நிற்கவில்லை. சங்கிலியை இழுத்துக்கொண்டு மேலே மேலே நடந்தார். ஆமணக்குச் செடிகளுக்கு நடுவே அவருடைய ஆள் அரிவாளால் முள்ளை வெட்டினான். முட்டி உயரத்துக்கு ஒரு கல் வெளிப்பட்டது. சர்வேயர் மண்ணைத் துடைத்து, கல்லில் இருந்த அம்புக்குறியைப் பார்த்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"இதுதாங்க எல்லை. மதகுக்கு அந்தாண்ட இருநூத்திப் பத்து கஜம்."

துளசிங்கம்தான் கேட்டான். "அப்ப எங்க சாவடி?"

"அது வெறும் சாவடி. கெணறு இருக்கற எடமாப் பாத்துக் கொட்டாய் போட்டிருக்காங்க. தண்ணி வேணுமில்ல உக்கார்றவனுக்கு?"

"பதினாலு வருசமா அங்கதான் உக்காந்துகினு இருக்கேன். கம்பத்துக்கு அப்பால ஆந்திரான்னுதான் எல்லார்க்கும் சொல்லிகினு இருக்கேன்."

"சொல்லுவீங்க. கேட்டவன் எவனும் அளந்து பாத்திருக்க மாட்டான்." சர்வேயர் சங்கிலியைச் சுருட்டினார். "மதகு நம்ப மாநிலம்தாம்மா. கேஸு திருத்தணிக்குத்தான் வரும்."

தேவசுந்தரி மதகையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வேன் மதகு வரை வந்திருக்கலாம். மதகைத் தாண்டி இன்னும் இருநூறு கஜம்கூடப் போயிருக்கலாம். ஐந்தாவது விதியில் "சாவடி" என்று எழுதியவர்களும் அளக்கவில்லை. துளசிங்கம் கொட்டகைக்குள் போய்விட்டான். அன்று முழுவதும் அவன் வெளியே வரவில்லை என்று கன்னியம்மாள் பிறகு சொன்னாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துச் சேவா சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். மரியாதையானவர், நிதானமாகப் பேசுவார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. தாலுகா அதிகாரி விசாரணை வைத்திருக்கிறார். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பதினேழு நாள்தான். விசாரணை முடியாமல் வேனை மலையடியில் நிறுத்த அனுமதி தர மாட்டார்கள். லட்சம் பேர் காவடி எடுத்துப் படியேறும்போது அவசரத்துக்கு ஒரு வண்டி இருக்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தாளை நீட்டினார்.

அதில் இருந்தது இதுதான்: அடிபட்டவரைத் தூக்க வேண்டாம் என்று முதலுதவியாளர் தொலைபேசியில் சொன்னது எனக்குத் தெரிவிக்கப்பட்டது. நான் பதற்றத்தில் அதை மீறித் தூக்கச் சொன்னேன்.

தேவசுந்தரி இரண்டு தடவை படித்தாள். "இதுல பொய் ஒண்ணும் இல்ல சார்."

"இல்லம்மா. அதனாலதான் கொண்டாந்தேன்."

"ஆனா இன்னொண்ணும் சொன்னாங்க. இந்தப் பக்கம் இருந்தா வர்றோம்னு. அது இதுல இல்ல."

"அந்த ஒரு வரி வேணாம்மா. அது வந்தா மணவாளன் சர்டிபிகேட் போயிடும். அவன் ஊதினது நீங்களே பாத்தீங்க. வாயெல்லாம் வீங்கிப் போச்சு அவனுக்கு."

"பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

அவள் தாளைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

சமையலறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஞானம்மாள், செயலாளரின் செருப்புச் சத்தம் தெரு முனை தாண்டியதும் வெளியே வந்தாள். ஜீவரத்தினத்தின் அக்காள். அடக்கத்துக்கு வந்தவள் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை.

"இன்னா எழுதப் போற?"

"நடந்தத எழுதணும் அண்ணி."

"நடந்தது இன்னா? இந்தப் பக்கம் கொண்டான்னு அவன் சொன்னான், நீ கொண்டாந்த. அத எழுது. தூக்காதன்னு சொன்னத இன்னாத்துக்கு எழுதற?"

"அதையும் சொன்னாங்களே."

"சொன்னா? ஊரு ஏற்கெனவே இன்னா பேசிகினு இருக்குதுன்னு தெரியுமா? டீச்சர் புருசன நெல்லு மூட்ட மாதிரி காலப் புடிச்சித் தூக்கினாளாம்னு. கிணத்துக்குப் போனா என் காதுலயே வுழுது. நீயே எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு என் தம்பிய கொன்னவ நீதான்னு ஆயிடும். அந்த வேன்காரன் கொன்னான்னு எழுதுடி."

"அவர் கொல்லலையே."

"அப்ப நீ கொன்னியா?"

அண்ணியின் கேள்வியில் கோபம் இருந்ததைவிட, இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்ற தவிப்பு அதிகமாக இருந்தது. அது தேவசுந்தரிக்குப் புரிந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

செயலாளருக்கு முதல் வாக்கியம் வேண்டும், இரண்டாவது வேண்டாம். அண்ணிக்கு இரண்டாவது வேண்டும், முதலாவது வேண்டாம். இரண்டு பேரும் பொய் எழுதச் சொல்லவில்லை. பாதியை விட்டுவிடத்தான் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மணவாளன் வந்தார். வாசற்படியிலேயே நின்றார். உதட்டில் இன்னும் ஒரு காய்ந்த புண் இருந்தது.

"உள்ள வாங்க."

"இல்ல டீச்சர், இங்கயே இருக்கட்டும். அந்த வரிய எழுத வேணாம்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி செயலாளர் அனுப்பினாரு. சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுப் போகவில்லை. படியில் உட்கார்ந்தார். ஞானம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"போன்ல நீங்க இன்னா சொன்னீங்க?" தேவசுந்தரி கேட்டாள். "நான் கேட்டது துளசிங்கம் சொன்னதுதான்."

"முதல்ல எந்தப் பக்கம்னு கேட்டேன்." அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "பேசறாரா, கை கால் அசைக்கறாரான்னு கேட்டிருக்கணும். அப்படித்தான் கத்துக் குடுத்தாங்க. மூணு வருசமா இந்தச் சாவடிலேர்ந்து போன் வந்தாலே எந்தப் பக்கம்னுதான் கேக்கறது. வாய் பழகிப் போச்சு. அந்தப் பக்கம்னான். தூக்காதீங்கன்னேன். அப்புறம், இந்தப் பக்கம் இருந்தா வர்றேன்னேன். ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னேன் டீச்சர். சொல்றப்போ ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குதுன்னு தோணல. போன வெச்சிட்டு வண்டில ஏர்றப்பதான் தோணிச்சி."

"நடந்து வந்திருக்கலாமே. வண்டிய கம்பத்துகிட்ட நிறுத்திட்டு, பலகைய எடுத்துகினு."

"வந்திருக்கலாம். வண்டிதான் தாண்டக் கூடாது. ஆள் தாண்டக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. அதுவும் அப்புறந்தான் தோணிச்சி."

அவள் இன்னொன்று கேட்க நினைத்திருந்தாள். இரண்டு வாரமாக நினைத்திருந்தாள்.

"வேன்ல வர்றப்போ, உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"ரெண்டாவது கிலோமீட்டர்ல. கழுத்துல கை வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"அப்புறமும் ஊதினீங்களே."

"செத்துட்டாருன்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்லைங்க. அது டாக்டருக்குத்தான். அவர் சொல்ற வரைக்கும் நான் நிறுத்தக் கூடாது."

"பரவால்லயான்னு கேட்டேன்."

"கேட்டீங்க. வாய் வேலையா இருந்துச்சு. அதுவும் நல்லதாப் போச்சு."

அந்த ஆறு கிலோமீட்டர் அவள் கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தது உபகாரமா அபகாரமா என்று அவளால் அப்போது முடிவு செய்ய முடியவில்லை. பிறகும் முடிவு செய்யவில்லை.

மணவாளன் எழுந்தார். "எழுதறத எழுதுங்க டீச்சர். எனக்கு ரெண்டு புள்ளைங்க. அதச் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன். சொல்லிட்டேன் பாருங்க." தன் மேலேயே எரிச்சல் பட்டவர்போல் நடந்து போனார்.

அன்றைக்கு விளக்கு வைத்ததும் தேவசுந்தரி ஒரு முழுத் தாளை எடுத்தாள். தட்டச்சுத் தாளைப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குக் கடித இலக்கணம் சொல்லிக் கொடுக்கும் அதே முறையில் இடம், நாள் போட்டு எழுதினாள். நடந்த வரிசையில் எழுதினாள். மணவாளன் வாசலில் சொன்னதை எழுதவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. போனில் மறுமுனையில் பேசியதைத் தான் கேட்கவில்லை என்று எழுதினாள். துளசிங்கம் தன்னிடம் சொன்ன இரண்டு வாக்கியங்களையும், அவன் சொன்ன வரிசையிலேயே, அவன் சொன்ன சொற்களிலேயே எழுதினாள். கடைசியில் இப்படி முடித்தாள்:

"கழுத்தில் அடிபட்டவரை அசைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். நான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். துளசிங்கம் தயங்கினார். தூக்கச் சொன்னது நான்தான். இரண்டாவது வாக்கியம் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்."

அதில் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. இன்னொரு பிரதியும் எழுதி, காலையில் தானே கொண்டுபோய்த் தாலுகா அலுவலகத்தில் ஒன்றும் சங்கத்தில் ஒன்றுமாகக் கொடுத்தாள். செயலாளர் நின்றபடியே படித்தார். படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "உங்களுக்கே இது கெடுதலாச்சேம்மா" என்றார்.

"ஆமா சார்."

விசாரணையில் அந்தத் தாளை வாசித்தார்கள். துளசிங்கம், ஆமாம், அப்படித்தான் சொன்னேன் என்றான். மணவாளனைக் கேட்டபோது, எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டதையும் சேர்த்து, எல்லாவற்றையும் தானே சொன்னார். அவருடைய முதலுதவிச் சான்றிதழை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு வெளியூரிலிருந்து வேறொரு முதலுதவியாளரை வரவழைத்து வேனை நிறுத்தினார்கள். படியில் மயங்கி விழுந்த பதினோரு பேரை அந்த வேன் எடுத்துப் போயிற்று. பதினோரு பேரும் வீடு திரும்பினார்கள். அந்த ஆறு மாதமும் மணவாளன் கனகம்மாசத்திரத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். தை மாதம் வேலைக்குத் திரும்பினார்.

விதிப் பலகையைப் புதிதாக எழுதினார்கள். போன் வந்தால் முதலில் கேட்க வேண்டியது என்று மூன்று கேள்விகள் மேலே வந்தன. பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா, கை கால் அசைக்கிறாரா. இடம் எது என்பது நாலாவது. ஐந்தாவது விதியில் சாவடியை எடுத்துவிட்டு எல்லைக் கல் என்று போட்டார்கள். அதற்குக் கீழே, முதலுதவியாளர் பலகையோடு நடந்து போகலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

லாரிக்காரன் அகப்படவில்லை.

ஞானம்மாள் நாலு வருஷம் தம்பி மனைவியோடு பேசவில்லை. ஐந்தாம் வருஷம் ஒரு கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு வந்து, நடுவில் ஒன்றுமே நடக்காதது போல, "இன்னாடி சுந்தரி, இப்படி எளச்சிப் போயிட்ட?" என்றாள். தேவசுந்தரி டீ போட்டாள். அந்தத் தாளைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

எண்பத்தைந்தில் சங்கம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழைய செயலாளர் காலமாகியிருந்தார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஆண்டறிக்கை எழுதித் தரச் சொல்லித் தேவசுந்தரியைக் கூப்பிட்டார்கள். பழைய கோப்புகள் மேஜையில் அடுக்கியிருந்தன. விபத்துகளைக் கணக்கெடுக்க ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தவள், எழுபத்து நாலாம் வருஷத்துக் கட்டுக்கு வந்தாள்.

அவளுடைய தாள் உள்ளே இருந்தது. சர்வேயரின் வரைபட நகலும் அதற்குப் பின்னால் இருந்தது, கல்லின் மேல் வைத்த புள்ளியோடு. தாளை முழுக்கப் படித்தாள். ஒரு சொல்லை மாற்றத் தோன்றவில்லை. மூடி மேலட்டையைப் பார்த்தாள். விபத்து நடந்த அன்று மாலையே யாரோ எழுத்தர் பச்சை மையில் தலைப்பு எழுதியிருந்தார். எதிரே இருந்த இப்போதைய எழுத்தரும் அதைப் படித்துவிட்டு, "இது தப்புங்களே டீச்சர், திருத்திடவா?" என்று பேனாவை எடுத்தார்.

"வேணாம். இருக்கட்டும். அன்னிக்கு எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்."

அவர் பேனாவை மூடினார். அவள் கணக்கில் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டு அடுத்த கோப்பை எடுத்தாள். அந்தக் கட்டு இப்போதும் சங்கத்தின் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. மேலட்டையில் "ஜீவரத்தினம், எல்லைக்கு அப்பால் நடந்த விபத்து" என்றே இருக்கிறது.